கருவியின் சாட்சியம்: மோட்டார் வாகன வேகக் கட்டுப்பாட்டுத் தரவுகளை வாசித்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் வட எல்லையில், களனி கங்கையின் தென்கரையை ஒட்டி அமைந்துள்ள கிராண்ட்பாஸ் தன் பெயரிலேயே தன் வரலாற்றைத் தாங்கி நிற்பது. ஆற்றைக் கடக்கும் பெரிய துறை என்பதே அப்பெயரின் பொருள். 1822இல் ஆங்கிலேயர் இங்கு படகுகளைப் பிணைத்து மிதவைப் பாலம் ஒன்றை அமைத்தனர். 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் அதன் இடத்தைப் பெற்றது. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறக்கப்பட்டபோது அதன் கொழும்பு முனை இதே ஆற்றின் மறுகரையிலே, பேலியகொடைப் பக்கத்தில் அமைந்தது. 2021 நவம்பரில் வடங்களால் தாங்கப்படும் புதிய களனிப் பாலமும் அதனருகே எழுந்தது. வண்டி செல்லும் வழியில் வண்டி திருத்துவோரும் வந்து குடியேறுதல் இயல்பு. கிராண்ட்பாஸின் ஒழுங்கைகளிலும், அதற்குத் தெற்கே உதிரிப்பாக வாணிகத்துக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே நின்று இத்தொழிலை நடத்தி வந்துள்ளனர். வீரகேசரி அச்சான தெரு என்றே கிராண்ட்பாஸை அறிந்த தமிழ் வாசகருக்கு, அதன் இன்னொரு பக்கமான எண்ணெயும் இரும்பும் படிந்த பக்கம் அதிகம் அறிமுகமாகாதது.

இவ்வேலைத்தலங்களில் இன்று சாவியும் குறடும் கிடக்கும் மேசையிலேயே சிறு திரையுள்ள கருவி ஒன்றும் கிடக்கிறது. ‘ஸ்கானர்’ என்று எல்லோரும் அழைக்கும் அதனை வாகனத்தின் கணினியோடு பொருத்தினால் குறியீடுகளும் எண்களும் வரிசையாகத் தோன்றுகின்றன. அவற்றை வாசிப்பது பொறியியலாளரின் பிரச்சினை, வரலாற்று மாணவனுக்கு அதில் என்ன வேலை என்று வினவப்படலாம். ஒரு பொறி தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பும் ஓர் ஆவணமே என்பது எமது விடை. அதை எழுதச் சொன்னவர் யார், எதை எழுதாமல் விடச் செய்தவர் யார், வாசிக்கும் உரிமை யாருக்கு வழங்கப்பட்டது ஆகிய கேள்விகள் கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் பொருந்துவது போலவே இதற்கும் பொருந்தும். இக்கட்டுரையில், ‘குறூஸ் கொன்ட்ரோல்’ எனப்படும் நிலைவேகக் கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சாரதி ஆர்முடுக்கியில் காலை வைத்திராமலே குறித்த வேகத்தைப் பேணும் இந்த அமைப்பு வாகனத்தின் உயிர்நாடி அன்று. அது பழுதாயினும் வண்டி ஓடும். ஆயினும் வாசிப்பின் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை இதைப்போல் தெளிவாகக் காட்டும் உறுப்பு வேறில்லை.

வேகத்தைத் தானே காக்கும் பொறி மோட்டார் வாகனத்தோடு பிறந்ததன்று. 1788இல் ஜேம்ஸ் வாற் தனது நீராவி இயந்திரத்தில் சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட வேக ஆளுகைப் பொறியைப் பொருத்தினார். இயந்திரம் விரைந்தால் குண்டுகள் விரிந்து எழும். அவ்வெழுச்சி நீராவி வாயிலைக் குறுக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழ்ந்து வாயிலை அகற்றும். 1868இல் மக்ஸ்வெல் இத்தகைய பொறிகளின் நிலைப்பேற்றைக் கணித நோக்கில் ஆராய்ந்து எழுதிய கட்டுரை, பிற்காலக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் மூலங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. எமது மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளிலே நெடுந்தண்டுகளைச் சுழற்றிய பழைய இயந்திரங்களிலும் இவ்வகை ஆளுகைப் பொறி இருந்தது. உருளைகளில் கொழுந்து கூடினாலும் குறைந்தாலும் தண்டின் வேகம் மாறாதிருக்க வேண்டும் அல்லவா? கொழுந்தெடுத்த பெண்ணின் கைவேகத்தைக் கங்காணி கண்காணித்தான். தொழிற்சாலையின் வேகத்தை இரு குண்டுகள் கண்காணித்தன. குண்டுகள் எழுவதையும் தாழ்வதையும் எவரும் கண்ணாற் காணலாம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

மோட்டார் வாகனத்தின் நிலைவேகக் கட்டுப்பாட்டை உருவாக்கியவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த றால்ஃப் ரீற்றர். ஐந்து வயதில் நேர்ந்த விபத்தொன்றாற் பார்வையை இழந்தவர் அவர். பொறியியல் கற்று, பிஸ்டன் வளையங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றின் தலைமைக்கு உயர்ந்தார். தன்னை ஏற்றிச்சென்ற நண்பர் பேச்சின் போக்குக்கேற்ப வண்டியை விரைவாகவும் மெதுவாகவும் செலுத்தியதால் ஏற்பட்ட குலுக்கமே அவரை இம்முயற்சிக்குத் தூண்டியதென்பர். கண்ணால் வேகமானியைப் பாராத ஒருவர் உடலால் வேகத்தை உணர்ந்து செய்த கண்டுபிடிப்பு இது. 1950இல் அவர் உரிமம் பெற்ற கருவியும் சாரதியின் கண்ணோடு பேசவில்லை. குறித்த வேகம் வந்ததும் ஆர்முடுக்கி மிதி எதிர்த்துத் தள்ளும். பாதம் அதனை உணரும். 1958ஆம் ஆண்டின் கிறைஸ்லர் கார்களிலே இது முதன்முதல் விற்பனைக்கு வந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியும், அதனைத் தொடர்ந்து 1974இல் அமெரிக்கா முழுவதும் விதிக்கப்பட்ட மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பும் இதன் பரவலுக்கு வழிகோலின. எரிபொருளைச் சேமிக்கவும் தண்டப்பணத்தைத் தவிர்க்கவும் மாறா வேகம் உதவியது.

அதே ஆண்டுகளில் இலங்கையின் நிலை முற்றிலும் வேறு. 1970 தொடக்கம் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காலத்தில் புதிய வாகனங்கள் அரிதாயின. மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்பிக்கப்பட்டன. கிடைக்காத உதிரிப்பாகம் கடைசல் பொறியிலே கடைந்தெடுக்கப்பட்டது. இத்திறனுக்கு உரியவரை இங்கு ‘பாஸ்’ என்பர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. எசமானைக் குறித்த அச்சொல் எமது நாட்டிலே கைவினைஞனைக் குறிக்கலானமை தனியாக ஆராயத்தக்கது. (கிராண்ட்பாஸின் ‘பாஸ்’ வேறு, இந்தப் ‘பாஸ்’ வேறு, இரண்டும் ஒரே தெருவில் சந்தித்தது தற்செயல்.) இயந்திரத்தின் மீது ஒரு திருப்புளியை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு அணைத்து, உள்ளே எந்தத் தாங்கி தேய்ந்துள்ளதெனச் சொல்லும் ஆற்றல் அவருக்கு இருந்தது. பொருளாதாரத் தட்டுப்பாடே இத்திறனை வளர்த்தது. அக்காலத்தைப் போற்றுவது எமது நோக்கமன்று. அத்திறனுக்குரிய கூலி மிகச் சொற்பமாகவே இருந்தது. பயிலும் பையன்கள் பலருக்கு அதுவும் இல்லை.

1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானியப் பாவித்த வாகனங்கள் பெருகின. ஆறு ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலை வன்செயல்களிலே கொழும்புத் தமிழரின் கடைகளும் தொழிலிடங்களும் எரியூட்டப்பட்டன. பலர் வடக்கே சென்றனர், பலர் கடல் கடந்தனர். குருவிடமிருந்து பையனுக்குக் கைமாறி வந்த தொழிலறிவுக்கு எழுத்தாவணம் இல்லை. ஆள் அகன்றால் அறிவும் அகலும். இழக்கப்பட்ட கட்டடங்களுக்குக் கணக்கு உண்டு, இதற்கு இல்லை.

ஜப்பானிய வாகனங்கள் சிலவற்றின் சுக்கானில் நிலைவேகக் கட்டுப்பாட்டுக்கான பொத்தான்களும் இருந்தன. கொழும்பின் நெரிசலில் அவற்றை அழுத்த யாருக்கும் தேவை எழவில்லை. 2011 நவம்பரில் தென் அதிவேகப் பாதை திறக்கப்பட்டு, மணிக்கு 100 கிலோமீற்றர் வரையிலான சீரான ஓட்டம் இந்நாட்டிலும் சாத்தியமான பின்னரே அப்பொத்தான்கள் உயிர்பெற்றன. பழுதும் அதன் பின்னரே தெரியவந்தது. பத்தாண்டாக ஒருவரும் தொடாத ஆளி வேலை செய்யவில்லை என்ற முறைப்பாடு வேலைத்தலத்துக்கு வந்தது. ஒரு பாதை திறக்கப்பட்டதால் ஒரு திருத்தத் தொழில் பிறந்தது எனலாம்.

இதற்கிடையில் அவ்வமைப்பின் உடல் மூன்று முறை மாறியிருந்தது. முதலில், இயந்திரத்தின் உறிஞ்சு வெற்றிடத்தால் இழுக்கப்படும் ரப்பர்ச் சவ்வொன்று கம்பியொன்றின் வழியே காற்றுவாயிலைத் திறந்தது. ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் சீறும் ஒலி கேட்கும். விரலால் அடைத்துப் பார்க்கலாம். அடுத்து, சவ்வின் இடத்தை ஒரு சிறு மின்மோட்டார் பெற்றது. அதனையும் கழற்றிக் கையில் வைத்துச் சோதிக்க முடிந்தது. மூன்றாவது மாற்றமே தீர்க்கமானது. மிதிக்கும் காற்றுவாயிலுக்கும் இடையே இருந்த கம்பியே நீக்கப்பட்டு, இரண்டையும் கணினி இணைக்கும் முறை வந்தபின், நிலைவேகக் கட்டுப்பாட்டுக்கெனத் தனி உறுப்பு எதுவும் எஞ்சவில்லை. அது இயந்திரக் கணினியின் நிரலுக்குள் சில வரிகளாகச் சுருங்கிற்று. பொத்தான்களும் தடுப்பு மிதியின் ஆளியும் மாத்திரமே வெளியே நிற்கின்றன. திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்க இங்கே ஒலி இல்லை. கணினியே சொன்னாலன்றி உள்ளே நிகழ்வதை அறிய வழியில்லை.

கணினியைச் சொல்ல வைத்தது எது? தொழிற்பயிலுநரின் தேவையோ வாகன உடைமையாளரின் கோரிக்கையோ அன்று. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டமே அதன் தொடக்கம். கலிபோர்னியாவின் வளிவளச் சபை 1985இல் இயற்றிய விதிகள், 1988ஆம் ஆண்டு மாதிரி முதல் வாகனங்கள் தம் மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகளைத் தாமே கண்காணித்து, பழுதானால் விளக்கெரித்து அறிவிக்க வேண்டுமெனப் பணித்தன. அக்காலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் பொருத்தியும் வேறு, மொழியும் வேறு. ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் இரு முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து, எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை மின்னுகிறதென எண்ணிக் குறியீட்டை அறிந்தனர். எங்கள் ஊர்ப் பாஸ்மாருக்கு இம்முறை எளிதிற் கைவந்தது. ஒரு துண்டுக் கம்பிக்கு மேல் முதலீடு தேவைப்படவில்லை. 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்கள் அனைத்துக்கும் 16 முனைகளுள்ள ஒரே வடிவப் பொருத்தியும் பொதுக் குறியீட்டுத் தொகுதியும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெற்றோல் வாகனங்களுக்கு 2001இல் இவ்விதி வந்தது. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கணினிகளுக்கிடையிலான தொடர்பு வலை, காலப்போக்கில் இந்த உரையாடலுக்கும் பொதுப் பாதையாயிற்று.

முதலாளித்துவ உற்பத்தியாளன் தன் பொறியின் உள்ளறிவைத் தானாக முன்வந்து வெளியிடுவதில்லை. மக்களின் மூச்சுக்காற்றைக் காரணங்காட்டி அரசு கட்டாயப்படுத்தியபோது, அக்காரணம் எல்லையிட்ட அளவுக்கு மட்டும் வெளியிட்டான். ஆகவே சட்டம் திறந்த பட்டியலில் இயந்திரச் சுழற்சி, வாகன வேகம், காற்றுவாயிலின் நிலை, நீரின் வெப்பநிலை போன்றவை உண்டு. புகையோடு நேர்த்தொடர்பற்ற நிலைவேகக் கட்டுப்பாட்டின் உள்விவரங்கள் பொதுவாக அப்பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டன. இங்கு ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். பொதுக் குறியீட்டுத் தொகுதியில் P0565 முதலான எண்கள் நிலைவேக ஆளிகளின் பழுதுகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. P0571 தடுப்பு ஆளியின் சுற்றைக் குறிக்கும். P0500 வேக உணரியைக் குறிக்கும். பழுதின் பெயர் பொதுவுடைமை. ஆனால் பொத்தானை அழுத்தும் அக்கணத்தில் கணினி அதனைக் காண்கிறதா என்று காட்டும் நேரலைத் தரவு உற்பத்தியாளனின் தனியுடைமை. மலிவான பொதுக் கருவியை வைத்திருப்பவர் நோயின் பெயரை அறிவார், நாடியைப் பார்க்க முடியாது. நாடி பார்க்க உற்பத்தியாளனின் மென்பொருளோ, அதனைப் பின்பற்றிச் செய்த விலைகூடிய கருவியோ வேண்டும்.

அத்தகைய கருவி கிடைத்ததென்றே கொள்வோம். அதிவேகப் பாதையில் 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்கையில் நிலைவேகக் கட்டுப்பாடு தானாக அறுந்துபோகிறதென்று ஒரு கார் வருகிறது. திரையில் ஐம்பதுக்கு மேற்பட்ட வரிகள். இவற்றுள் எவற்றைப் பார்ப்பது?

முதலிற் பார்க்கவேண்டியவை தடுப்பு மிதியின் ஆளிக்குரிய இரு வரிகள். அவ்வாளியினுள் இரண்டு தொடுகைகள் உள்ளன. மிதியை அழுத்தும்போது ஒன்று மூடிப் பின்விளக்கை எரிக்கும், மற்றது திறந்து நிலைவேகக் கட்டுப்பாட்டை அறுக்கும். எனவே திரையில் இவ்விரு வரிகளும் எப்பொழுதும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்க வேண்டும். இரண்டும் ஒரே விடை தருமாயின், ஒருவன் பொய்யன். இரு சாட்சிகளை எதிரெதிராக நிறுத்தி உண்மை காணும் இவ்வமைப்பு பாதுகாப்புக் கருதிச் செய்யப்பட்டது: ஒரு தொடுகை ஒட்டிக்கொண்டாலும் மற்றது வண்டியைக் காக்கும். மிதியின் திரும்பு நிலை ஒரு மில்லிமீற்றர் பிசகியிருந்தாலும் பாதையின் குலுக்கலில் ஒரு தொடுகை கணநேரம் துள்ளி, நிலைவேகத்தை அறுத்துவிடும். ஆளியின் திருகைச் சற்றே சரிசெய்வதே அதற்கு மருந்து. அதனைச் சொல்லாது, கணினியையே மாற்றவேண்டுமென்று விலை சொல்லப்பட்ட கதைகளை நாம் கேட்டதுண்டு.

அடுத்தது பொத்தான்கள். பல வாகனங்களில் எல்லாப் பொத்தான்களுக்கும் ஒரே கம்பிதான். ஒவ்வொன்றின் பின்னும் வெவ்வேறு அளவு மின்தடை உள்ளது. அழுத்தும்போது கம்பியின் வோல்ற்றளவு எந்தப் படியில் வந்து நிற்கிறதோ அதைக்கொண்டு கணினி பொத்தானை அடையாளங்காண்கிறது. தொடுகையில் அழுக்குப் படிந்தால் தடை கூடும். அழுத்தியது ஒரு பொத்தான், கணினி கண்டது மற்றொன்று, அல்லது ஒன்றையுமே இல்லை. சுக்கானைத் திருப்பத் திருப்ப அவ்வெண் நடுங்குமாயின், குற்றம் பொத்தானில் இல்லை. சுக்கானின் அடியிற் சுருண்டிருக்கும் நாடா வடம் அறுந்திருக்கக்கூடும். இதனை உறுதிப்படுத்தத் திரையை விட்டு வெளியே வரவேண்டும். அனுபவமுள்ளவர் உடைமையாளரைக் கேட்பார்: “ஹோர்ன் அடிக்குதா, ஐயா?” ஹோர்னின் கம்பியும் அதே நாடாவில் வருவதே காரணம். பட்டியலில் இல்லாத அந்தக் கேள்வி பட்டியல் முழுவதையும் விடப் பெறுமதியானது.

வேகத்தின் வரியும் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்குக் கீழே பெரும்பாலான அமைப்புகள் இயங்க மறுக்கும். வேக உணரியின் எண் இடையிடையே பூச்சியத்துக்கு விழுமானால் கணினி வண்டி நின்றுவிட்டதென்று நம்பி விலகிக்கொள்ளும். சில வாகனங்களில் நிலைவேகக் கட்டுப்பாட்டில் எப்பழுதும் இராது. சுபாரு கார்களிலே இயந்திர எச்சரிக்கை விளக்கு எரிந்தால் இதுவும் உடன் முடக்கப்படும். பழைய அமெரிக்க அமைப்புகள் சிலவற்றில் பின்விளக்கின் குமிழ் இழையினூடாகவே கட்டுப்பாட்டுச் சுற்று புவிமுனையைத் தேடிற்று. அவற்றில் குமிழ்கள் அனைத்தும் எரிந்துபோனாலோ, எல்.ஈ.டி. விளக்காக மாற்றப்பட்டாலோ நிலைவேகமும் போய்விடும்.

திரையில் தோன்றும் எண் நிகழ்ந்தது என்ன என்பதைச் சொல்வதில்லை, கணினி எதை நம்பியது என்பதையே சொல்கிறது என்ற வேறுபாடு இங்கு அடிப்படையானது. பழைய தொடர்புமுறையொன்று வினாடிக்கு 10,400 துணுக்குகளையே கடத்தும்; இன்றைய பொது வலை 500,000 கடத்தும். பழைய வாகனத்தில் ஐம்பது வரிகளையும் ஒருங்கே கேட்டால் ஒவ்வொரு வரியும் வினாடிகள் கழித்தே புதுப்பிக்கப்படும். இடையில் தடுப்பு ஆளி ஒரு கணம் துள்ளியது பதிவிலேயே வராது. தேர்ந்த வாசகர் நான்கைந்து வரிகளை மட்டும் கேட்கிறார். குறைவாகக் கேட்பவருக்கே கூடுதலாகத் தெரிகிறது. இன்னொன்று: ஓர் உணரி பழுதானால் கணினி அதனிடத்தில் ஓர் உத்தேச எண்ணைத் தானே இட்டுக்கொண்டு ஓடும். பொதுத் தரவுக்கான அமெரிக்கத் தரநியமம் அத்தகைய பதிலி எண்ணைக் காட்டலாகாது, மெய்யான அளவையே காட்டவேண்டுமென விதிக்கிறது. உற்பத்தியாளனின் தனிப் பட்டியலுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஆக, விலைகூடிய கருவி பொய் சொல்ல, மலிந்த கருவி மெய் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. இரண்டையும் ஒப்புநோக்குதல் பாடபேதம் பார்ப்பது போன்ற ஒரு பணி.

ஆவண அழிப்பும் உண்டு. பழுது பதியப்பட்ட கணத்தின் வேகம், சுழற்சி, வெப்பம் முதலியவற்றைக் கணினி ஓர் ஏட்டில் உறையவைக்கிறது. குறியீட்டை ‘அழி’ என்று பணித்தால் அவ்வேடும் அழிந்துவிடும். விளக்கை அணைத்து விற்க நினைப்பவருக்கு இது வசதி. கைவந்ததும் முதலில் அழித்துப் பார்க்கும் அவசரக்காரருக்கு இது பழக்கம். ஆயினும் அழித்தவன் அழித்ததற்கான தடயத்தை முற்றாக அழிக்க முடிவதில்லை. சுயபரிசோதனைகள் முடிவுறவில்லை என்ற குறிப்பு எஞ்சும். பல வாகனங்களில், கடைசியாக அழிக்கப்பட்டபின் ஓடிய தூரமும் எஞ்சும். விற்பனைக்கு நிற்கும் காரில் அத்தூரம் 12 கிலோமீற்றர் எனத் தோன்றினால் வாங்குபவர் சற்று நின்று யோசிப்பது நன்று.

ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்ற நூலிலே, நவீன உற்பத்திமுறை சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்துத் தொழிலாளியைத் திறனற்றவனாக்குகிறது என்று வாதிட்டார். எமது முற்போக்கு வட்டாரங்களில் இக்கருத்து விமர்சனமின்றி ஏற்கப்படுவதுண்டு. ஸ்கானர் அதற்குத் தக்க சான்றுபோலவே முதலில் தோன்றுகிறது: குறியீட்டைக் கருவி சொல்லும், பாகத்தை ஆள் மாற்றுவான். உற்பத்தியாளரின் பெரிய சேவை நிலையங்களுக்கு அமைந்த கணக்கும் அதுவே. ஆனால் மேலே கண்ட தடுப்பு ஆளியின் எடுத்துக்காட்டு வேறொன்றைக் காட்டுகிறது. குறியீடு தரும் பெயரை நம்பி மாற்றப்பட்ட பாகம் பலமுறை குற்றமற்றதாக இருந்துள்ளது. சிந்தனையைப் பிரித்தெடுத்து நிரலில் அடைத்தபின்னும், வாசிப்பு என்ற வடிவில் அது வேலைத்தலத்துக்கே திரும்புகிறது. பிறேவர்மன் தவறினார் என்று நாம் சொல்லவில்லை. திறன் ஒழிவதை அவர் கண்டார். ஒழிந்த இடத்திற் புதியதொன்று கூலி உயர்வின்றியே கோரப்படுவதை நாம் காண்கிறோம். வடம் ஒன்றைக் கழற்றி மாட்டுவதற்குக் கட்டணம் கேட்டால் உடைமையாளர் தருவார். அரை மணி நேரம் திரையைப் பார்த்து யோசித்ததற்குக் கேட்டால், “ஒன்றும் செய்யவில்லையே, தம்பி” என்பார்.

மொழியும் ஒரு தடையாக நிற்கிறது. ஆளி, உணரி, ஆர்முடுக்கி, தடை என்று எம் பாடநூல்கள் பல்லாண்டாகச் சீரிய கலைச்சொற்களை வழங்கி வந்துள்ளன. வேலைத்தலத்தில் இவற்றுள் ஒன்றேனும் ஒலிப்பதில்லை. அங்கு சுவிட்ச், சென்சர், அக்சிலேட்டர்தான். கருவியின் திரை ஆங்கிலத்திற் பேசுகிறது. ஜப்பானிலிருந்து நேரே வந்த காரின் திரை ஜப்பானியத்திற் பேசுகிறது. பன்னிரண்டாண்டு தமிழில் விஞ்ஞானம் கற்ற இளைஞன் தடை என்றால் ஓமின் விதியைச் சொல்வான். ஆனால் திரையிலுள்ள வரியை அதனோடு தொடுத்துப் பார்க்க அவனுக்கு யாரும் கற்பித்ததில்லை. பள்ளிக்கூடம் பார்த்திராத பாஸ் அவ்வரியின் ஆங்கில வடிவத்தை ஒரு படமாக மனத்திற் பதித்து வைத்திருக்கிறார். இவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்தாமல் கலைச்சொற் குழுக்களைக் கூட்டுவதில் என்ன பயன் என்று நாம் ஐயுறுகிறோம்.

திருத்தும் உரிமைக்கான போராட்டங்கள் வெளிநாடுகளில் நடந்துள்ளன. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலம் 2012இல் மோட்டார் வாகனங்களுக்குத் திருத்தும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2020இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அதனை விரிவாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும் சுதந்திரத் திருத்துநருக்குத் தகவல் வழங்கப் பணித்தது. இச்சட்டங்கள் அவற்றை இயற்றிய நாடுகளின் எல்லையோடு நிற்பவை. ஏலத்தில் வாங்கப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் பாவித்த காரோடு அவ்வுரிமை கப்பலேறி வருவதில்லை. வேறொரு வழியாகவே கிராண்ட்பாஸ் தன் பங்கைப் பெற்றது. கனடாவின் எல்ம் இலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் செய்த ELM327 என்ற சிறு சில்லின் முதற்பதிப்பு பிரதியெடுக்கப்படாதவாறு பூட்டப்பட்டிருக்கவில்லை. அதன் போலிகள் உலகெங்கும் மலிந்தன. கைப்பேசியோடு இணையும் அச்சிறு பொருத்தி சில ஆயிரம் ரூபாவுக்குள் கிடைக்கலாயிற்று. சட்டம் தராததைத் திருட்டுப்பிரதி தந்தது என்பது சங்கடமான உண்மை, ஆயினும் உண்மை.

எமது அரசு இத்துறையில் தலையிட்டது புகைப் பரிசோதனையினூடாகவே. 2008இல் தொடங்கிய அத்திட்டத்தில் புகைக்குழாயின் வாயே அளக்கப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்படும் வரையான ஏறத்தாழ ஐந்தாண்டுகள், 1970களை நினைவூட்டும் விதத்தில் பழைய வாகனங்களைத் திருத்தியே ஓடவேண்டிய ஆண்டுகளாயின. கடைசல் பொறியின் இடத்தில் இம்முறை ஸ்கானர் நின்றது. அத்தடை நீங்கியபின் வரும் வாகனங்களில் பல, முன்செல்லும் வண்டியை அலைமானியால் அளந்து தாமே வேகத்தை மாற்றுபவை. 1999இல் மெர்சிடஸ் பென்ஸ் உயர்விலைக் காரில் அறிமுகஞ்செய்த இவ்வசதி இன்று சாதாரணக் கார்களுக்கும் வந்துவிட்டது. முன்தாங்கியை மாற்றிப் பூட்டினால் அலைமானியின் நோக்குத் திசையை மறுபடி நிறுவவேண்டும்; அதற்கு உற்பத்தியாளனின் மென்பொருளும், பல இடங்களில் கட்டணம் செலுத்திய இணையக் கணக்கும் தேவைப்படும். கம்பித் துண்டால் விளக்கை எண்ணிய நாட்களிலிருந்து இது எவ்வளவு தொலைவு!

இன்று கிராண்ட்பாஸ் போன்ற இடங்களில் இவ்வறிவு எங்கே பதிவாகிறது? எண்ணெய்க்கறை படிந்த கொப்பிகளில் ஓரளவு. கைப்பேசியில் எடுத்த திரைப் படங்களில் பெரும்பகுதி. ஒரு பாஸ் இன்னொருவருக்கு அனுப்பும் குரற்செய்திகளில் மீதி. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்த அக்குரற்செய்திகளில், எந்தக் காரின் எந்த வரி பொய் சொல்லும், எந்தப் பழுதுக்கு எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் உண்டு. கைப்பேசி தொலைந்தால் அவையும் தொலைந்தன. வாய்மொழி இலக்கியங்களைத் தொகுக்க மாணவரைக் கிராமங்களுக்கு அனுப்பிய எமது தமிழ்ச் சங்கங்கள், ஒரு விடுமுறைக்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராண்ட்பாஸின் ஒழுங்கைகளுக்கும் சென்றுவரலாம். கேட்கவேண்டிய முதற் கேள்வி, ஸ்கானர் சொன்னதை அவர்கள் நம்பாமல் விட்ட கடைசிச் சந்தர்ப்பம் எது என்பதாக இருக்கட்டும்.